வெற்றுக் குப்பி

"…ஒரு வாரம் சொல்லலாம், மோட்டாரு ரிப்பேருன்னு. ரெண்டு வாரங்கூட சொல்லிக்கலாம். அப்புறம்? கொடத்த எடுத்துகினு வந்து வாசல்ல நிப்பாங்களே, அவங்க மூஞ்சப் பாத்து என்னைய இன்னான்னு சொல்லச் சொல்ற?"

என் மனைவி சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஆய்வகம் கொடுத்த ஒற்றைத் தாள் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் உப்பு ஜாடியை வைத்திருந்தாள். மாலை ஐந்து மணி தாண்டியிருந்தது. ஐந்தரைக்கு எங்கள் கேட்டுக்கு வெளியே குடங்கள் வந்துவிடும்.

திருமழிசையில் தொழிற்பேட்டைக்கும் பழைய ஊர்த் தெருக்களுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் தெரு. எங்கே போர் போட்டாலும் உப்பு. வாயில் வைத்தால் நாக்கு சுருங்கும், தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் வீடு கட்டப் போர் போட்டபோது மட்டும் வேறு மாதிரி வந்தது. கலங்கல் போய்த் தெளிந்ததும் இவள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, "தேங்காத் தண்ணி கணக்கா கீதுயா" என்றாள். போர் போட வந்தவர்களே ஆளுக்கொரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் முதல் குடம் வந்தது. பிறகு ஆறு வீட்டுக் குடங்கள். குடிக்கவும் உலை வைக்கவும் வீட்டுக்கு இரண்டு குடம். கேட்டைத் திறப்பதில்லை. கம்பி இடுக்கு வழியாகக் குழாயை வெளியே நீட்டிவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, இவள் உள்ளே நின்று கதை பேசுவாள்.

எதிர்வீட்டு அக்கா மதுரைப் பக்கம். கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவில் வந்து வீடு கட்டினார்கள். "இருபத்தஞ்சு வருசம் குவார்ட்டர்ஸ்ல குழாத் தண்ணி குடிச்சோம். உங்க வீட்டுத் தண்ணியிலதான்த்தா பருப்பு பூவா மலருது" என்று வந்த புதிதில் அந்த அக்கா சொன்னார். இவளுக்கு அது போதும். அந்த ஒரு சொல்லை இத்தனை வருடமாக எத்தனை பேரிடம் திருப்பிச் சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியாது. தெருவில் கல்யாணமோ காதுகுத்தோ, முதல் தாம்பூலம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். இவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "தண்ணி ஊட்டம்மா" என்பார்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இடித்துத் தள்ளிய பழைய தொழிற்சாலைகளின் மண்ணையும் அடித்தண்ணீரையும் எடுத்துக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலை. அம்பத்தூர், பாடி, பூந்தமல்லி என்று எங்கள் பக்கமெல்லாம் பட்டறைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. விழுந்த இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. கட்டுவதற்கு முன்னால் தரைக்குள் என்ன ஊறிக் கிடக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே. பத்தாவதோடு நின்றவன் நான். துளைபோடும் வண்டியில் பைப் தூக்கப் போய், மண்ணை விரலில் உருட்டிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் கற்றுக்கொண்டது. இன்றைக்குக் கம்பெனி அட்டையில் 'கள மேற்பார்வையாளர்' என்று போட்டிருக்கிறது. சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன்.

இந்தக் கோடையில் பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம். இரும்புச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றிய பழைய தொழிற்சாலை. கட்டடமெல்லாம் தரைமட்டம். சுற்றுச்சுவரும் காவலாளி கொட்டகையும்தான் மிச்சம். வெளியே சாலையைப் பார்த்த மாதிரி நீச்சல் குளமும் குடையும் வரைந்த பெரிய தட்டி வைத்திருந்தார்கள். துளைபோடும் வண்டியின் டிரைவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணாத்தே, மேல பாத்தா நீச்சல் கொளம். உள்ள பாத்தா கல்லு மண்ணு. இதுல எங்க எட்டிக் குதிப்பானுங்க?"

"அதைப் பாத்து சொல்லத்தானே நம்மள வர வெச்சிருக்காங்க நைனா. வண்டிய பின்னால எடு."

அவன் எல்லாவற்றுக்கும் ஒரு பேர் வைப்பான். துளையிலிருந்து வரும் மண்ணின் ஆவியை மோப்பம் பிடிக்கிற கைக்கருவி ஒன்று எங்களிடம் உண்டு. எண் ஏறினால் கீழே ஏதோ இருக்கிறது. அதற்கு அவன் வைத்த பேர் நாய். ஒவ்வொரு தடவை மண் மேலே வரும்போதும் வண்டியில் உட்கார்ந்தபடியே, "நாய் கொரைக்குதா அண்ணாத்தே?" என்பான். முதல் துளையில் தூங்கியது. மேலே கட்டட இடிபாடு, அதற்குக் கீழே கருப்புக் களி, அப்புறம் மணல். சுத்தமான மண்.

எங்கே துளை போடுவது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய முடியாது. பழைய ஆட்களிடம் கேட்க வேண்டும். அதற்கென்று நான்கு பக்கக் கேள்வித்தாள் இருக்கிறது. எங்கே கழுவினீர்கள், கழுவியதை எங்கே ஊற்றினீர்கள், பீப்பாய் எதையாவது புதைத்தீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். "எல்லாம் முறைப்படிதாங்க நடந்துச்சி" என்று முடித்துவிடுவார்கள். பாடியில் இருந்த காவலாளி அதே தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர். மூடிய பிறகு அதே கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரும் அதைத்தான் சொன்னார். நான் தாளை மடித்து வைத்துவிட்டு, எப்போதும் செய்வதைச் செய்தேன்.

"நானும் நட்டு கழுவின ஆளுதாண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம், திருமழிசையில ஒரு பட்டறை. கிரீஸ் புடிச்ச நட்டு போல்ட்டு கழுவ ஒரு மருந்து வரும் பீப்பாயில. கைல பட்டா சில்லுனு ஆவியா பூடும். அழுக்கேறிப் போச்சின்னா சாயங்காலம் பக்கெட்டுல புடிச்சிகினு போயி பின்பக்கச் செவுத்தோரம் ஊத்திடுவோம். மண்ணு மடக்கு மடக்குனு குடிச்சிடும். நீங்க எங்கண்ணே ஊத்துவீங்க?"

அவர் முகம் மெல்ல மாறியது. சிரிப்பு வந்தது.

"உங்க மண்ணு மடக்கு மடக்குன்னுதானா? எங்க மண்ணு மொடாக்குடி நைனா. எவ்ளோ ஊத்தினாலும் இன்னும் கொண்டான்னும்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, காட்றேன். தோ, ஜெனரேட்டர் ஷெட்டு இருந்துச்சே, அதும் பின்னால. நைட் ஷிப்ட்டு ஆளுங்க அம்மாந்தூரம் நடக்க சோம்பேறிப்பட்டுகினு இங்கயே ஊத்துவானுங்க."

இரண்டாவது துளையை அங்கே போட்டோம். நாய் குரைத்தது.

அந்தக் கதையை எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன்! அம்பத்தூரில் சொல்லியிருக்கிறேன், பூந்தமல்லியில் சொல்லியிருக்கிறேன். பட்டறை ஆட்களிடம் அதைச் சொன்னால் வாய் திறக்கும். பொய்யும் இல்லை. மூன்று வருடம் நான் அதைத்தான் செய்தேன். மேஸ்திரி சொன்னார், ஊற்றினேன். இவளிடமே கல்யாணமான புதிதில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்; எந்த இடத்தில் யாரிடம் சொன்னேன் என்றும் வீட்டுக்கு வந்து சொல்வேன். சொல்லிச் சொல்லி அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது நாள் தண்ணீர் எடுக்கும் நாள். துளையில் இறக்கிய பைப்பிலிருந்து முதலில் வரும் பழைய தண்ணீரை இறைத்துப் பீப்பாயில் விட்டுவிட்டு, புதிதாக ஊறியதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பிடிப்போம். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. மூடியைத் திருகித் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பார்ப்பேன். குமிழி ஏறினால் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றோடும் ஒரு வெற்றுக் குப்பியும் போகும். ஆய்வகம் கேனில் கொடுக்கிற சுத்தமான தண்ணீரை அந்த இடத்திலேயே வைத்து ஒரு குப்பியில் நிரப்பி, மற்றவற்றோடு ஐஸ் பெட்டியில் வைப்போம். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால், அழுக்கு எங்கள் கையிலிருந்தோ பெட்டியிலிருந்தோ வந்தது என்று அர்த்தம். அன்றைக்கு எடுத்த எதுவும் செல்லாது.

மூன்றரை மணி. நான்கு மணிக்கு ஆய்வக வண்டி வந்துவிடும். கேனைத் தூக்கினால் காற்றாய் இருந்தது.

"யோவ், இதுல இருந்த தண்ணி எங்க?"

"டிஸ்டில் வாட்டர்தானே? வண்டி பேட்டரி ரெண்டும் வறண்டு கெடந்துச்சி அண்ணாத்தே. ஊத்தினேன்."

"ஒரு கேன் முழுசுமா?"

"ரெண்டு பேட்டரி. முன்னாடி கண்ணாடி. மீதியில மூஞ்சி கழுவினேன்." முகத்தைத் தடவிக் காட்டினான். "சோப்பு இன்னாமா நொரைக்குது தெரியுமா!"

அவன் மேல் கோபம் வரவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் பேட்டரிக்குத்தான். "கடையில ஒரு பாட்டில் வாங்கியாரட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். என் பையில் வீட்டுத் தண்ணீர் இருந்தது. இவள் தினமும் காலையில் குழாயிலிருந்து நேராக, வாய் வரைக்கும் நிரப்பி இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புவாள். ஒன்றை நானும் அவனுமாகக் குடித்துத் தீர்த்திருந்தோம். இன்னொன்று மூடி திறக்காமல் இருந்தது.

"நம்ம ஊட்டுத் தண்ணியவிட சுத்தம் எங்க கெடைக்கும்?" என்றேன்.

"அத்தச் சொல்லு" என்றான் அவன். "கடைத் தண்ணியெல்லாம் அதுங்காலு தூசி."

நிரப்பினேன். தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். ஒரு குமிழி இல்லை. மேலே 'வெற்று' என்று சீட்டு ஒட்டி ஐஸில் புதைத்தேன். தப்பு செய்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. ஒருவேளை கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து மேடம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் கம்பெனியின் பொறியாளர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர், தெற்கத்திப் பெண். யாரையும் ஒருமையில் பேச மாட்டார்கள். மேஜை மேல் முடிவுத் தாள்கள் பரப்பியிருந்தன.

"அண்ணா, வெற்றுக் குப்பியில வந்திருக்கு."

தாளை என் பக்கம் திருப்பினார்கள். பெயர் நீளமானது, ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குப் படிக்கச் சிரமமில்லை. மூன்று வருடம் பீப்பாய் மேல் தினமும் பார்த்த பெயர்.

"பொட்டியில கலந்திருக்குமா மேடம்?"

"கலந்திருந்தா முதல் துளையிலயும் வந்திருக்கணுமே. அதுல துளிகூட இல்ல. ரெண்டாவது துளையில கொஞ்சம் இருக்கு. அதைவிட இந்த வெற்றுக் குப்பியில அதிகமா இருக்கு." என்னைப் பார்த்தார்கள். "இந்தத் தண்ணி ஏதுண்ணா?"

சொன்னேன். பேட்டரி, கண்ணாடி, சோப்பு, என் பை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் இழுப்பறையைத் திறந்து ஒரு புதுக் கேள்வித்தாளை எடுத்தார்கள்.

"வீடு எங்கே?"

"திருமழிசை."

"பக்கத்துல பழைய தொழிற்சாலை, பட்டறை ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சி. நட்டு போல்ட்டு பட்டறை. மூடி ரொம்ப நாளாச்சி. இப்ப அங்க குடோன் கீது."

"எவ்வளவு தூரம்?"

"அதோட பின்பக்கச் செவுத்துலருந்து நாலாவது ஊடு நம்முது."

அந்த வாக்கியத்தை அதுவரை நான் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டறை, பின்பக்கச் சுவர், என் வீடு. மூன்றும் எனக்குத் தெரியும். மனை வாங்கியதே வேலை பார்த்த தெரு, பழகின இடம் என்றுதான். மூன்றையும் ஒரு வரியில் வைத்துப் பார்த்ததில்லை.

"அங்க வேலை செஞ்ச பழைய ஆளுங்க யாராவது இருந்தா கேட்டுப் பாக்கலாம். தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"யாரு?"

பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அடுத்த கேள்வி, கழுவியதை எங்கே ஊற்றினீர்கள் என்பது. அதையும் எழுதினேன். எழுத்து கோணாமல் வந்தது. மேடம் அதை வாங்கிப் படித்தார்கள். டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை கம்மி என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மருந்து தண்ணீரைவிடக் கனம். மண்ணுக்குள் இறங்கிக் களிமண் தட்டில் தங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். நிறம் கிடையாது, நாக்குக்கும் தெரியாது. இதையெல்லாம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பாடியில் அன்றைக்கு எடுத்தவை அத்தனையும் தள்ளுபடி. மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு புதுக் குப்பிகளைக் கையில் கொடுத்தார்கள். "உங்க போர்லருந்து ஒழுங்கா எடுத்துட்டு வாங்க. ஒரே ஒரு குப்பிய வச்சு முடிவு சொல்ல முடியாது. இது தப்பாக்கூட இருக்கலாம். ஆனா புது முடிவு வர்றவரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்க வேணாம். தெருவுல யாரும் குடிச்சா அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"சரி மேடம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். தாகமாக இருந்தது. அவள் கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கையுறை போட்டுக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தபோது இவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாயா இது, நம்ம தண்ணிய பரீட்சைக்கு அனுப்புறியா?"

"ஆபீசுல கேட்டாங்க. சும்மா ஒரு டெஸ்ட்டு."

"நல்லா புடி. மொத மார்க்கு வாங்கும் பாரு." அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "அக்கா, நம்ம தண்ணி இஸ்கோலுக்குப் போவுது!"

எதிர்வீட்டு மாடியிலிருந்து அக்கா சிரித்தார். "பாஸாயிட்டா மிட்டாய் குடுக்கணும்த்தா!"

குப்பியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். குமிழி இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். தினமும் திருமழிசையில் பஸ் ஏறிப் பாடியில் இறங்கினேன். விட்டதையெல்லாம் மறுபடி எடுத்தோம். டிரைவர் அந்தப் பக்கமே வராமல் புதுக் கேனைத் தூர இருந்து கும்பிட்டான். விஷயத்தை அவனிடம் சொன்னேன். "அப்ப பிளாட்டு கட்டப் போற எடத்தவிட உன் ஊடு மோசம்ன்ற" என்றான். பிறகு, "நானும்தானே டெய்லி உன் பாட்டில குடிச்சேன்" என்று தொண்டையைத் தடவிக்கொண்டான்.

மாலை ஐந்தரைக்கு நான் வீட்டில் இருந்த நாட்களில் குடங்கள் நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்துகொண்டே வரும். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, எதிர்வீட்டு அக்காவின் மகள் பிரசவமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். அக்கா கேட்டில் நின்று, "பச்சப் புள்ளத்தா. உப்புத் தண்ணி பட்டா உடம்பெல்லாம் தடிச்சுப் போகுது. குளிப்பாட்ட ஒரு குடம் சேத்துப் பிடிச்சுக்கவா?" என்றார்.

"இன்னாக்கா இதெல்லாம் கேட்டுகினு! ரெண்டு புடி. கொழந்த தோலு பட்டாட்டம் வந்துரும்" என்றாள் இவள்.

ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. இன்னொரு தாள் வரட்டும், ஒருவேளை தப்பாக இருக்கலாம் என்று மேடமே சொன்னார்களே என்று நினைத்துக்கொண்டேன். டிவியில் ஏதோ ஓடியது. அதைப் பார்த்தேன்.

இன்று மதியம் தாள் வந்தது. தப்பு இல்லை. குடிக்கலாம் என்று சொல்கிற அளவை எங்கேயோ தாண்டி நின்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவதாகவும் அதற்கு நாளாகும் என்றும் மேடம் சொன்னார்கள். "தெருவுல சொல்லிட்டீங்கதானே?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா எனக்கே தெரியாத மாதிரி ஆட்டினேன். அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். "இன்னிக்கே சொல்லிடுங்கண்ணா" என்றார்கள்.

பூந்தமல்லி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அதற்கப்புறம் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளின் முன்னால் தாளை வைத்தேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. வாயால் சொன்னேன். தண்ணீரில் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, யார் ஊற்றியது. எல்லாவற்றையும் பழைய ஆட்களிடம் கேட்கும் அதே குரலில்தான் சொன்னேன் போலிருக்கிறது.

அவள் பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். தாள் பறக்கப் பார்த்தது. உப்பு ஜாடியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"பத்து நாளா."

"பத்து நாளு." அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "அன்னிக்கி கையில உறை மாட்டிகினு புடிச்சியே, அப்பவே தெரியும்."

"ம்."

"நான் மொத மார்க்குன்னேன்."

"ம்."

"கொழந்தைக்கு ரெண்டு கொடம் குடுத்தேனே, அப்ப நீ உள்ளதான இருந்த?"

இவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழாயில் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்: வாரியத்திலிருந்து வந்து பார்க்கட்டும், அதுவரைக்கும் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சொல்லும்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாள். ஒரு வாரம் சொல்லலாம், இரண்டு வாரம் சொல்லலாம், அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று.

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

"பாடியில கீற வாட்ச்மேன் கைல சொல்றதுக்கு வாய் வந்துச்சி. அம்பத்தூர்ல சொன்ன, பூந்தமல்லியில சொன்ன. பக்கெட்டு, செவுரு, மண்ணு குடிச்சிதுன்னு அம்மாம் கத. எதிர் ஊட்டுக்கு மட்டும் மோட்டாரு ரிப்பேரா?"

வெளியே கேட்டுக் கம்பியில் பிளாஸ்டிக் குடம் இடித்தது. பிறகு இன்னொன்று.

"ஏத்தா, இன்னும் மோட்டார் போடலையா?" எதிர்வீட்டு அக்காவின் குரல்.

இவள் எழுந்தாள். உப்பு ஜாடியை எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். தாளை நாலாக மடித்து, என் சட்டைப் பையில் கம்பெனி அட்டைக்குப் பின்னால் செருகினாள். கூடத்துக்குப் போய் மோட்டார் போர்டைத் திறந்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கி, முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

வெளியே ஐந்து பேர் நின்றார்கள். கம்பி இடுக்கில் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே இழுத்துச் சுருட்டிப் போட்டாள். பன்னிரண்டு வருடத்தில் தண்ணீர் நேரத்தில் ஒருநாளும் திறக்காத கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். "என்னாச்சுத்தா?" என்று கேட்ட எதிர்வீட்டு அக்காவின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி, எங்கள் வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். "மோட்டாரு நல்லாத்தான் கீதுக்கா, எல்லாரும் உள்ள வாங்க, என் ஊட்டுக்காரரு சொல்வாரு" என்றாள். அடுத்த குடத்துக்குக் கையை நீட்டினாள்.